தசை சரி, உயிர் எங்கே?

கேள்வி: ஐரோப்பியக் கலைப்பள்ளிகளின் மரபான கலைக்கழக முறையில், அமர்ந்த ஆண் உருவம் ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுகிறேன். தசைகள் அளவாக அமைந்தும் உருவம் மரப்பாச்சி போல் இருக்கிறது. காரணம் என்ன?
– வாசகர், ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: பெரும்பாலும் குறை தசையில் இல்லை, வெளிச்சத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியே வெளிச்சமும் நிழலும் கொடுத்தால் உடல் துண்டு துண்டாகிவிடும். முதலில் கண்களைச் சுருக்கிப் பார்த்து, நிழல் முழுவதையும் ஒரே பரப்பாகப் பூசுங்கள். பிறகு ஒளி நிழலாக மாறும் எல்லையில் மட்டும், தோள்பட்டை எலும்பும் விலாவும் தோலை எங்கே உந்துகின்றன என்று பொறுமையாகத் தேடுங்கள்.

ஐரோப்பிய ஓவியர்கள் நிலையான ஒளிக்காக வடக்குச் சன்னலை நாடினார்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் நாம் தெற்குச் சன்னலை நாட வேண்டும். ஆயினும் நம் தீவு மகரரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதால், டிசம்பரில் நண்பகல் வெயிலும் தெற்கிலிருந்தே வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். அப்போது மெல்லிய வெள்ளைத்துணி கட்டுங்கள்.

மனநிலைக்கு முகபாவம் தேவையில்லை. பிரெஞ்சு ஓவியர் இப்போலிட் ஃபிளாந்திரன் ரோமில் மாணவராக இருந்தபோது தீட்டி, இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில், ஓர் இளைஞன் கடலோரப் பாறையில் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, அவற்றின்மேல் தலையைச் சாய்த்திருக்கிறான். வளைந்த அந்த முதுகே தனிமையை முழுவதும் சொல்லிவிடுகிறது. எனக்கு அதைவிடச் சிறந்த பாடம் தெரியாது. உங்கள் உருவத்தின் முதுகெலும்புக் கோட்டை மட்டும் தனித்தாளில் வரைந்து, அதில் களைப்போ அமைதியோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், வண்ணத்தைத் தொடாமல் அமரும் நிலையையே மாற்றுங்கள்.