480 துளிகள்

அன்புள்ள ஐயா,

காலாப்பட்டில் தங்கி ஆய்வு செய்யும் மாணவி நான். ஒரு பாக்டீரியா நொதியின் கட்டமைப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எக்ஸ் கதிரில் வைத்து அதைப் பார்க்க, எட்டு மாதமாக அந்தப் புரதத்தின் படிகம் வளர்க்க முயல்கிறேன். 96 குழி பிளேட்டில் ஐந்து ஸ்க்ரீன் (பலவகைக் கரைசல்களைச் சோதிக்கும் தயார் தொகுப்பு), மொத்தம் 480 துளிகள் போட்டாயிற்று. நானூறுக்கு மேல் இன்னும் தெளிந்த தண்ணீராகவே நிற்கின்றன. ஒரே ஒரு துளியில் பளபளவென்று படிகம் வந்தது. ஆய்வகம் முழுக்க இனிப்பு கொடுத்தேன். எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தபோது அது உப்பு என்று தெரிந்தது. என் புரதம் மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராம், பிஎச் மாறாமல் வைக்கும் பாஸ்பேட் பஃபரில் இருக்கிறது. ஒரே தடவை நிறையச் சுத்திகரித்து மைனஸ் 20இல் வைத்துக்கொண்டு, வேண்டும்போது உருக்கி எடுத்துப் பயன்படுத்துகிறேன்.

சீனியர்கள் இதையெல்லாம் கைராசி என்கிறார்கள். புரதக் கட்டமைப்பைக் கணினியிலேயே கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகு இதைக் கற்பதே வீண் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆறாவது ஸ்க்ரீன் வாங்கலாமா? முறையாகக் கற்க வேண்டுமானால் எங்கே தொடங்க வேண்டும்?

ம., புதுச்சேரி

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, இனிப்பு கொடுத்த இடத்தில் மனசு கஷ்டப்பட்டது. இரண்டாம் முறை படித்தபோது, பதிலில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருப்பது தெரிந்தது.

ஆறாவது ஸ்க்ரீன் வாங்காதீர்கள். உங்கள் துளிகளில் மாற்ற வேண்டியது ரசாயனத்தை அல்ல, புரதத்தை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும்போது மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீரை நேராக உப்பு எடுக்கும் பாத்தியில் விட மாட்டார்கள். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட வைத்து, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 பாகை வரும்போதுதான் கடைசிப் பாத்திக்கு விடுவார்கள். அதற்கு முன்னால் எத்தனை நாள் காத்திருந்தாலும் உப்பு விழாது. நீங்கள் பிளேட்டில் செய்வதும் உப்பளம்தான். புரதத்தையும் குழிக் கரைசலையும் சம அளவு கலந்து துளி வைக்கிறீர்கள். துளியில் இருக்கும் பெக் என்ற பாலிமரோ உப்போ குழியில் இருப்பதில் பாதி. அதனால் துளியின் தண்ணீர் ஆவியாகிக் குழிக்குப் போகிறது. இரண்டும் சமமானதும் நின்றுவிடுகிறது. அங்கே வெயில் செய்யும் வேலையை இங்கே குழிக் கரைசல் செய்கிறது.

அப்படி நின்ற பிறகும் நானூறு துளி தெளிவாக இருந்தால் என்ன பொருள்? புரதம் செறிவு போதவில்லை. கலந்த உடனே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை துளிகள் வெண்மையாகக் கலங்கினால் செறிவு சரி. எல்லாமே கலங்கினால் அதிகம், எல்லாமே தெளிந்தால் குறைவு. 12 மில்லிகிராமுக்குச் சுண்ட வைத்து, பழைய ஸ்க்ரீனிலேயே ஒரு பிளேட் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது பாஸ்பேட். ஸ்க்ரீன்களில் கால்சியம், மெக்னீசியம், துத்தநாக உப்புகள் சாதாரணமாக இருக்கும். பாஸ்பேட்டோடு சேர்ந்தால் அவை அழகான படிகமாக விழும். உங்கள் இனிப்புப் படிகம் அந்த வகையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பஃபரை 20 மில்லிமோலார் டிரிஸ் அல்லது ஹெப்பிஸுக்கு மாற்றுங்கள். இனி படிகம் வந்தால், அதே குழிக் கரைசலோடு புரதம் இல்லாத பஃபரை மட்டும் கலந்து பக்கத்தில் ஒரு துளி வையுங்கள். அதிலும் படிகம் வந்தால் அது உப்பு. ஊசி முனையால் மெல்ல அழுத்தியும் பார்க்கலாம். உப்புப் படிகம் கல் மாதிரி எதிர்த்து நின்று நறுக்கென்று உடையும். புரதப் படிகம் சும்மா பொடிந்துபோகும், ஏனென்றால் அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் வழிகளுக்குள் மெத்திலீன் நீலம் போன்ற சாயம் புகுந்து படிகமே நீலமாகும். பெரும்பாலான உப்புக்குள் புகாது.

மைனஸ் 20 விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். மெதுவாக உறையும்போது பனிக்கட்டி ஒதுக்கித் தள்ளும் புரதமும் உப்பும் ஓரிடத்தில் நெருங்கி நிற்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புரதம் திரண்டு கட்டிக்கொள்ளும். ஜெல்லில் ஒரே பட்டைதான் தெரியும், ஆனால் கரைசலுக்குள் ஒற்றை மூலக்கூறும் இரட்டையும் கட்டியும் கலந்து கிடக்கும். படிகம் என்பது ஒரே மாதிரிச் செங்கல் அடுக்கிய சுவர், உடைந்த கல்லும் பாதிக் கல்லும் கலந்தால் வரிசை நிற்காது. அதனால் மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷன் ஓடவிட்டு, ஒற்றை முகடு வருகிறதா என்று பாருங்கள். முகட்டின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, 50 மைக்ரோலிட்டராகச் சின்னக் குழாய்களில் பிரித்து, திரவ நைட்ரஜனில் போட்டுச் சட்டென்று உறைய வைத்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒரு குழாய், ஒரு தடவை. மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். துளி போடுவதற்கு முன் 4 டிகிரி செல்சியஸில் பதினைந்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுற்றி, அடியில் படிந்ததைத் தொடாமல் மேலே இருப்பதை மட்டும் எடுங்கள்.

புரதத்தை மாற்றுவது என்று நான் சொல்வது சுத்தம் செய்வதோடு முடிவதில்லை. விஞ்ஞானி ஜான் கென்ட்ரூ, குதிரையின் தசைப் புரதமான மயோகுளோபினோடு தொடங்கினார். படிகம் சிறியதாகவே வந்தது. விலங்கு விலங்காகத் தேடி, ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மயோகுளோபினில் பெரிய படிகம் கிடைத்தது. 1958இல் உலகின் முதல் புரதக் கட்டமைப்பு அதிலிருந்துதான் வந்தது. விஞ்ஞானி அடா யோனத், செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் படிகத்தைத் தொடங்கியது 1980 வாக்கில், அணு அளவுக் கட்டமைப்புகள் வெளிவந்தது 2000இல். இடையில் நல்ல படிகம் தந்தது சாக்கடலின் உப்பில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ரைபோசோம். நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் எடுத்துக்கொண்டது வெந்நீரில் வாழும் பாக்டீரியாவின் ரைபோசோமை. 2009இல் இவர்கள் இருவரோடு ஸ்டைட்ஸுக்கும் நோபல் கிடைத்தது. உங்கள் நொதி வேறு நாலு பாக்டீரியாவிலும் இருக்குமே, அவற்றையும் குளோன் செய்து பாருங்கள். அதோடு, புரத வரிசையின் இரண்டு முனைகளிலும் ஆடிக்கொண்டிருக்கும் வால் பகுதிகளை வெட்டிவிட்டு, குட்டையான ஒரு வடிவத்தையும் செய்யுங்கள். எந்தப் பகுதி ஆடுகிறது என்று கணிக்க ஆல்ஃபாஃபோல்டு இங்கேதான் கைகொடுக்கும். கற்பது வீண் என்பவர்களிடம் சொல்லுங்கள், அது கற்றுக்கொண்டதே 1971இலிருந்து புரதத் தரவு வங்கியில் சேர்ந்த கட்டமைப்புகளிலிருந்து. அவற்றில் பெரும்பாலானவை படிகத்தில் கிடைத்தவை. மருந்து ஒன்று உங்கள் நொதியின் குழிவில் எப்படி உட்காருகிறது, கூட எந்தத் தண்ணீர் மூலக்கூறு நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க இன்றும் பெரும்பாலும் படிகம் வேண்டும்.

சரி, கைராசிக்கு வருவோம். அது கற்றுக்கொள்ளக்கூடியது. லைசோசைம் பொடி ஒரு புட்டி வாங்குங்கள், கோழி முட்டை வெள்ளைக்கரு புரதம், விலை அதிகமில்லை. 0.1 மோலார் சோடியம் அசிடேட், பிஎச் 4.6இல் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் கரையுங்கள். 24 குழி பிளேட்டில் அதே அசிடேட்டில் சோடியம் குளோரைடை 3 சதவீதத்திலிருந்து 8 வரை ஏற்றிக்கொண்டே போங்கள், குழிக்கு 500 மைக்ரோலிட்டர். குழியின் விளிம்பில் கிரீஸை வட்டமாகப் போட்டு, ஒரு கடுகளவு இடைவெளி விடுங்கள். சிலிக்கான் பூசிய கவர்ஸ்லிப்பில் புரதம் 1 மைக்ரோலிட்டர், அதன் மேலேயே குழிக் கரைசல் 1 மைக்ரோலிட்டர். பிபெட்டின் இரண்டாம் அழுத்தத்துக்குப் போகாதீர்கள், குமிழி வரும். கவர்ஸ்லிப்பைத் தயங்காமல் தலைகீழாகத் திருப்பிக் குழியின் மேல் வைத்து அழுத்துங்கள். உள்ளே இருக்கும் காற்று அந்த இடைவெளி வழியாக வெளியேறும். பிறகு லேசாகத் திருகினால் கிரீஸ் மூடிக்கொள்ளும். பத்துக் குழிக்குப் பிறகு விரலுக்கே பழகிவிடும்.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் வரிசையாகப் பாருங்கள். உப்பு அதிகமான பக்கம் பொடிப்பொடியாகப் படிக மழை. குறைந்த பக்கம் ஒன்றோ இரண்டோ, ஆனால் பெரியது, பட்டை தீட்டிய மாதிரி. இன்னும் குறைந்தால் ஒன்றுமில்லை. படிகம் பிறப்பதற்கு வேண்டிய செறிவும் அது வளர்வதற்கு வேண்டிய செறிவும் வேறுவேறு என்பதை அந்த ஒரு வரிசை காட்டிவிடும்.

இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது தானே புயலில். அப்போது கடலூரில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக லைசோசைம் பிளேட்டுகளை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். 2011 டிசம்பர் 30 காலையில் புயல் கரை கடந்தது, அதன் பிறகு எங்கள் பகுதியில் பல நாள் கரண்ட் இல்லை. பிளேட்டுகள் அறை வெப்பத்துக்கு வந்துவிட்டன. திறந்து பார்த்தால் சின்னப் படிகங்கள் எல்லாம் கரைந்து, பெரியவை விளிம்பு மழுங்கி நின்றன. தூக்கிப்போட மனசு வராமல் கரண்ட் வந்ததும் திரும்ப உள்ளே வைத்தேன். ஒரு வாரத்தில் அந்த மிச்சப் படிகங்கள் முன்பைவிடப் பெரிதாக, கூர்மையான விளிம்போடு வளர்ந்திருந்தன. துளியில் புதிதாகப் பிறந்தவை மிகச் சில. அதற்குப் பிறகு விதை போடும் முறையை நான் கடைசி வழியாக நினைப்பதே இல்லை. ஊசி ஊசியாகவோ தகடு தகடாகவோ ஏதாவது வந்தால் போதும், அதை நொறுக்கி, பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு நீர்த்து, புதிய துளிகளில் விதையுங்கள். பூனை மீசை முடியால் தொட்டுக் கோடு இழுப்பவர்களும் உண்டு, நன்றாகவே வேலை செய்யும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் புதுச்சேரியிலேயே, கொசு ஒழிப்புக்கான வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டரில் பிடிஐ என்ற பாக்டீரியாவிலிருந்து கொசுப்புழுக்கொல்லி உருவாக்கினார்கள். அந்தப் பாக்டீரியா வித்து விடும்போது தன் உடலுக்குள்ளேயே புரதப் படிகம் செய்துகொள்கிறது. பிளேட்டும் இல்லை, ஸ்க்ரீனும் இல்லை. கொசுப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அந்தப் படிகம் கரைகிறது. படிகமாவது புரதத்துக்குப் பழக்கமில்லாத காரியம் அல்ல என்று எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

அப்புறம், அந்த 480 துளிகளை எறிந்துவிடாதீர்கள். கலங்கிய துளிகள் எழுபது எண்பது இருக்குமே, கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்தக் குழி, என்ன பெக், என்ன பிஎச், வெண்மையா பழுப்பா, எந்த நாளில் கலங்கியது என்று எழுதி அனுப்புங்கள். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் பிளேட்டுகளை ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், ஏசி நின்றாலும் வெப்பம் சட்டென்று ஏறாது. ஜெல் ஃபில்ட்ரேஷன் படமும் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்து எழுதுகிறேன்.