எந்த மரம் எப்போது? – பழத்தோட்டம் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காளையார்கோவில் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் செம்மண் காடு இருக்கிறது. பல வருடமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததைப் போன மாதம் பொக்லைன் வைத்துச் சுத்தம் செய்தோம். நான் கோவையில் வேலை பார்க்கிறேன், மாதம் இரண்டு முறைதான் ஊருக்குப் போக முடியும். பெரியப்பா ஊரில் இருக்கிறார். கிணற்றில் மாசி வரை தண்ணீர் நிற்கும். கனடாவில் ஒருவர் ஆப்பிள் தோட்டத்தைப் பெர்மாகல்ச்சர் முறைக்கு (இயற்கைக் காடு மாதிரி பல மரம், செடிகளைச் சேர்த்து நிலத்தை வடிவமைக்கும் முறை) மாற்றிய காணொளியைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. முப்பது வகை மரங்களோடு ஒரு வரைபடம் போட்டு அனுப்பியிருக்கிறேன். இடைவெளி சரியா? இந்த ஐப்பசியிலேயே எல்லாவற்றையும் நட்டுவிடலாமா? பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டுமா?

ச.

அன்புள்ள ச.,

வரைபடத்தைப் பார்த்தேன். மா முப்பதடி, நெல்லி இருபதடி, சீத்தா பதினைந்தடி என்று இடைவெளியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் எல்லா மரமும் பத்து வயது மரமாக நிற்கிறது. முதல் வருடம் அங்கே என்ன இருக்கும், மூன்றாம் வருடம் எதை வெட்டுவீர்கள், எட்டாம் வருடம் எதன் நிழல் எதன்மேல் விழும் என்பது அதில் இல்லை. இடத்தைப் பிரித்திருக்கிறீர்கள், காலத்தைப் பிரிக்கவில்லை.

இதை நம் நாட்டில் மிகத் தெளிவாகச் செய்து காட்டியவர் இயற்கை விவசாயி பாஸ்கர் சாவே (1922–2015). குஜராத்தின் தென்கோடியில், உம்பர்காவ் அருகே தேஹ்ரி கிராமத்தில் அவருடைய தோட்டம். கடைசி வரை நிற்க வேண்டியவை சப்போட்டாவும் தென்னையும். அவை சிறுசாக இருக்கும்போது இடையில் காய்கறியும் பயறும், அடுத்த கட்டத்துக்கு வாழை, பப்பாளி மாதிரி நடுத்தர ஆயுள் உள்ளவை. மேலே நிழல் கூடக் கூட, கீழே இருப்பவை வேலையை முடித்துக்கொண்டு விலகும். தரை வெயிலைப் பார்க்காது, கைக்குக் காசும் வந்துகொண்டிருக்கும். தண்ணீரையும் அவர் அடிமரத்தில் விடவில்லை, வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால் எடுத்து விட்டார். உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தள்ளித்தான் இருக்கின்றன. அந்தப் பக்கம் மழை நம்மைவிட மிக அதிகம், அதனால் அவருடைய மரங்களை அப்படியே எடுக்க முடியாது. வரிசைமுறையை எடுக்கலாம்.

கனடா தோட்டத்தில் காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் மரம் ஒன்று, ஒரு ஆப்பிள், ஒரு பேரி அல்லது பிளம் என்று மாற்றி மாற்றி வரும். ஒரே இனம் அடுத்தடுத்து நிற்காததால் பூச்சியும் நோயும் எளிதில் தாவாது. இது நமக்கும் பொருந்தும். ஆனால் அங்கே மரத்துக்குச் சோதனைக்காலம் பனி. உங்கள் ஊரில் கன்றைக் கொல்வது பங்குனி தொடங்கி ஆடி வரை அடிக்கும் வெயிலும் காற்றும்.

அதனால் இந்த ஐப்பசியில் பழமரம் எதுவும் நடவேண்டாம் என்பேன். பொக்லைன் ஓடிய மண் இறுகிப்போயிருக்கும், மேலே ஒரு சருகுகூட இருக்காது. ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 1 லட்சம் லிட்டர். உங்கள் காட்டில் ஒரே இரவில் 2.5 லட்சம் லிட்டர். வெறும் தரையில் அது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். கன்றுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் வரப்புக்குப் போடுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும். ஒரே மட்டத்தில் இருக்கும் புள்ளிகளாகப் பார்த்து முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால், சரிவுக்குக் குறுக்கே ஒரு கோடு வளைந்து வளைந்து போகும். அதை நேராக்க வேண்டாம். அந்தக் கோட்டிலேயே வாய்க்கால் எடுத்து, மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். மிஞ்சுகிற தண்ணீர் வெளியேறக் கல் அடுக்கி ஒரு கலிங்கு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் முதல் பெருமழையில் வரப்பு உடைத்துக்கொள்ளும். எங்கே கட்டுவது என்று பெரியப்பாவைக் கேளுங்கள். அந்தக் காட்டில் தண்ணீர் எங்கே வேகம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஈரத்திலேயே பலதானியம் விதையுங்கள்: கம்பு, சோளம், தட்டைப்பயறு, கொள்ளு, எள், ஆமணக்கு, சணப்பை. பூவெடுக்கும்போது மண்ணிலேயே மடக்கி உழுதுவிடலாம். வரப்பின்மேல் அகத்தி, முருங்கை, கிளைரிசிடியா. வேலியோரம் கிளுவை. சீமைக்கருவேலம் மறுபடி முளைக்கும், விரலளவு இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

பழமரம் அடுத்த வருடம். முப்பது வகையை எட்டாகக் குறையுங்கள்: மா, சப்போட்டா, நெல்லி, சீத்தா, கொய்யா, நாவல், எலுமிச்சை, கொடுக்காப்புளி. மாசிக்கு அப்புறம் பெரியப்பா எத்தனை கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனை கன்றுதான். ஒவ்வொரு கன்றுக்கும் மேற்குப் பக்கம் இரண்டு துவரை போட்டுவிட்டால் சாயங்கால வெயிலை அது வாங்கிக்கொள்ளும். மூடாக்கு, அதாவது தரையை மூடப் போடும் சருகு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். கரையான் சருகோடு நின்றுகொள்ளும், பட்டைக்கு வராது.

ஒட்டுச் சப்போட்டா வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். ஒட்டுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் பாலை மரம். நம் வறண்ட காடுகளில் தானாக வளர்கிற மரம், வறட்சிக்கு அஞ்சாத வேர். ஆனால் கீழிருந்து துளிர் கிளம்பினால் அது பாலையாகவே வளர்ந்து, சப்போட்டாவைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பாலை இலையின் நுனி உள்வாங்கி மொண்ணையாக இருக்கும், சப்போட்டா இலை கூம்பியிருக்கும். பார்த்ததுமே கிள்ளிவிடலாம்.

இப்போது படத்தை மறுபடி எடுத்து, ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் அது விலகவேண்டிய வருடத்தை எழுதுங்கள். துவரை இரண்டு, முருங்கை ஐந்து என்று. நாமே நட்டு, காய்த்துக்கொண்டிருக்கிற முருங்கையை வெட்ட யாருக்கும் மனசு வராது. வெட்டாமல் விட்ட முருங்கையின் கீழே மாங்கன்று குச்சி மாதிரி ஒல்லியாக மேலே போய்க்கொண்டிருக்கும், பக்கக் கிளை விடாது.

பயிற்சிக்குத் தாராளமாகப் போகலாம். பெர்மாகல்ச்சரை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் மாலிசன் வகுத்த வழியில் நடக்கும் 72 மணி நேர வடிவமைப்புப் பயிற்சி நல்ல பயிற்சி. ஆனால் ஒரு மழையை உங்கள் காட்டில் பார்த்துவிட்டுப் போங்கள், அப்போதுதான் கேட்பதற்குக் கேள்வி இருக்கும். அதற்கு முன் கரூர் மாவட்டம் கடவூர் அருகே இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தொடங்கிய வானகம் பண்ணையைப் பார்த்துவிடுங்கள். அதுவும் வறண்ட பூமிதான். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கோவையில் இருக்கும்போது அரிவாள் அவர் கையில்தான் இருக்கப்போகிறது. எந்த மரம் எந்த வருடம் போகும் என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.