டம்மி டக் சரியாக வரவில்லை. மறுபடி கடன் வாங்கிச் செய்யலாமா?

கேள்வி: கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 41. கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அரை ஏக்கர் தோட்டத்திலிருந்து பச்சைத் தேயிலைப் பணமும் கொஞ்சம் வரும். எல்லாம் சேர்த்து மாதம் 40,000. அதில் கடை வருமானம் 18,000. இரண்டு சிசேரியனுக்குப் பிறகு வயிறு தொங்கிப்போனதால், எட்டு மாதத்துக்கு முன் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டம்மி டக் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டியெடுத்துத் தைக்கும் அறுவை) செய்துகொண்டேன். 2.4 லட்சம் ஆனது. பாதி சேமிப்பு, பாதி நகைக் கடன், வட்டி 9.5 சதவீதம். இப்போது தழும்பின் இரண்டு முனையிலும் சதை பிதுங்கி நிற்கிறது. தழும்பு தடித்து, புடவைக் கட்டுக்கு மேலே தெரிகிறது. தொப்புள் ஒரு பக்கமாக இருக்கிறது. இருமினால் நடுவயிறு புடைக்கிறது. அதே டாக்டர் 60,000 கொடுத்தால் சரிசெய்து தருகிறேன் என்கிறார். இன்னொரு மருத்துவமனை முழுதாக மறுபடி செய்ய 3.2 லட்சம் கேட்கிறது. கடனுக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். கணவர் தோட்டத்தில் 20 சென்ட் விற்றுவிடலாம் என்கிறார். மகள் கல்லூரிக்காக 1.5 லட்சம் வைப்புத்தொகை இருக்கிறது. 5 லட்சத்துக்குக் குடும்பக் காப்பீடு, நான்காவது வருடம் ஓடுகிறது. காப்பீடு கிடைக்குமா? கேஸ் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு குறைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். பணக் கணக்கில் அவை நான்கும் ஒன்றல்ல. தழும்பு, பிதுங்கல், தொப்புள் மூன்றும் தோற்றம் சம்பந்தப்பட்டவை. பணம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். இருமும்போது புடைப்பது மட்டும் உடம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். யார் பணம் கட்டுவது என்பதே அதைப் பொறுத்து மாறும். அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

டம்மி டக்கில் பல நேரம் பிரிந்துபோன வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைப்பார்கள். அந்தத் தையல் தளர்ந்தாலும் புடைக்கும். சிசேரியன் வெட்டு வழியாகவோ இந்த அறுவையின் வெட்டு வழியாகவோ ஹெர்னியா (குடலிறக்கம்) வந்திருந்தாலும் புடைக்கும். குடலைச் சுற்றியுள்ள உள்கொழுப்பால் வயிறு முன்தள்ளுவதும் உண்டு. அதற்கு எத்தனை முறை தோலை வெட்டித் தைத்தாலும் பயனில்லை, எடையைத்தான் குறைக்க வேண்டும். வெளியில் இருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டி, ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்தை எடுத்து வைப்பதற்கு முன் அந்த ஒரு ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, அழகுக்கான அறுவை எந்தப் பாலிசியிலும் பொதுவாக விலக்கப்பட்டது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, அல்லது உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சை என்றால்தான் விதிவிலக்கு. தழும்பும் தொப்புளும் அதில் வராது. ஹெர்னியா என்று ஸ்கேன் சொன்னால் கதை வேறு. ஹெர்னியாவுக்கு இரண்டு, மூன்று வருடக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். உங்களுக்கு நான்காவது வருடம் என்பதால் அது தாண்டியிருக்கும், பாலிசித் தாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ‘விலக்கப்பட்ட அறுவையால் வந்த சிக்கல்தானே இது’ என்று நிறுவனம் மறுக்கப் பார்க்கும். அதனால் அட்மிட் ஆவதற்கு முன்பே முன் அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லை என்றாலும் பதில் சரியில்லை என்றாலும் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘ஹெர்னியா என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம், காப்பீட்டிலேயே முடித்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால் பணம் வராது என்பதோடு போகாது, குடும்பம் முழுவதற்குமான பாலிசியே ரத்தாகலாம். நிஜமாகவே ஹெர்னியா இருந்து, அதே மயக்கத்தில் முனைச் சதையையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால் அது நியாயமான வழி. அறுவை அரங்கு, தங்கும் செலவு எல்லாம் இரண்டு முறை ஆகாது. இரண்டு வேலைக்கும் பில் மட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். அழகு வேலைக்கான பங்கு உங்களுடையது.

சரி, மற்ற மூன்றுக்கு வருவோம். தழும்பு அடங்கி நிறம் மங்க 12 முதல் 18 மாதம் ஆகும். எட்டாம் மாதத்தில் இருப்பதை முடிவான தழும்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலிக்கான் ஜெல்லோ பட்டையோ, தடித்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசியோ போட்டுப் பார்க்கலாம். அறுவையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. முனையில் பிதுங்கும் சதையை டாக்டர்கள் ‘டாக் இயர்’ என்பார்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து எடுத்துவிட்டு அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். தழும்பைக் கீழே இறக்குவதுதான் கடினம். அதற்குத் தோலில் தளர்வு வேண்டும். போன முறை இழுத்துத் தைத்ததில் இப்போது அது இருக்காது. அவசரப்பட்டு மறுபடி இழுத்தால் தையல் விரிந்து தழும்பு இன்னும் அகலமாகும். தொப்புளும் அப்படித்தான், சின்னத் திருத்தம் சாத்தியம், நன்றாக நகர்த்துவது எளிதல்ல. ஆக, 3.2 லட்சத்துக்கு ‘முழுதாக மறுபடி’ என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எம்.சிஎச். என்ற மேற்படிப்பில் பிளாஸ்டிக் சர்ஜரி படித்த, இந்த இரண்டு மருத்துவமனைக்கும் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஆலோசனைக் கட்டணம் கொடுத்து அபிப்பிராயம் கேளுங்கள்.

அந்த 3.2 லட்சம் முழுத் தொகைதானா என்றும் கேளுங்கள். மற்ற சிகிச்சைகளுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி இல்லை. அழகு அறுவைக்கு 18 சதவீதம் உண்டு. சேர்த்தால் 3,77,600. அவர்கள் ஏற்பாடு செய்யும் கடனில் 3 லட்சத்தை 16 சதவீத வட்டிக்கு மூன்று வருடத்துக்கு எடுத்தால் தவணை மாதம் சுமார் 10,550. வட்டி மட்டும் ஏறக்குறைய 80,000. ஏற்கெனவே 1.2 லட்சம் நகைக் கடனுக்கு வருடம் 11,400 வட்டி கட்டுகிறீர்கள். 40,000 வருமானத்தில் இது தாங்காது. வேண்டாம்.

தோட்டத்தை விற்பதும் வேண்டாம். 20 சென்ட்டை அவசரத்துக்கு விற்றால் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதுதான் விலை. பச்சைத் தேயிலை விலை எவ்வளவு ஏறி இறங்கினாலும் மாதாமாதம் ஏதோ ஒன்று வருகிறது. விற்றதைத் திரும்ப வாங்கப்போவதில்லை. மகளின் வைப்புத்தொகை பக்கமே போகாதீர்கள்.

பழைய டாக்டரின் 60,000-ஐப் பிரித்துக் கேளுங்கள். தன் கை வேலையைத் தானே திருத்தும்போது பல சர்ஜன்கள் தங்கள் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, அரங்கு, மயக்க மருந்து, பொருள் செலவு மட்டும் வாங்குவார்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் திருத்த அறுவை பற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சலுகை கொடுத்துவிட்டு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு தாளை நீட்டினால், படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

கேஸ் விஷயம். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் இருக்கும் ஊரை வைத்தே வழக்குத் தொடரலாம் என்பதால் ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் எதிர்பார்த்தபடி வரவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. சாதாரணத் திறமையுள்ள டாக்டர் செய்யக்கூடாததைச் செய்தார் என்று இன்னொரு டாக்டர் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் அது கிடைக்குமா என்பது சந்தேகம். கெடு இரண்டு வருடம் என்பதால் கதவை மூடவும் வேண்டாம். மருத்துவப் பதிவுகள் முழுவதையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. தேதியோடு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

அதுவரை மாதம் 6,000 என்று நகைக் கடன் அசலில் கட்டிவாருங்கள். ஒரு வருடம் நிறைந்த பிறகும் முனைச் சதை உறுத்தினால் அதை மட்டும், கையில் இருக்கும் காசில் செய்துகொள்ளலாம். ஹெர்னியா அறுவை என்றால் ஆறு வாரமாவது இலை மூட்டை தூக்கக்கூடாது, குனிந்து உட்கார்ந்து மிஷின் மிதிக்கவும் முடியாது. கடையில் 27,000 போகும். அதையும் செலவில் எழுதுங்கள். ஜூனில் பள்ளி யூனிஃபார்ம் தைக்கிற நேரத்தில் தேதி வாங்காதீர்கள். அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் தையல் பிரிக்கக் கோவைக்குப் போவதே பாடாகிவிடும். ஜனவரி, பிப்ரவரி உங்களுக்குத் தோதாக இருக்கும்.