மின்னிணைப்புக்கு உரிமை, குழாய் எரிவாயுவுக்கு வரிசை: எதற்கு எப்போது விண்ணப்பிப்பது?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை ஊராட்சியில் அம்மா பெயரிலுள்ள மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தில் சிறிய பலகாரக் கடையும் அதற்கான சமையற்கூடமும் வரவிருக்கின்றன. கரண்டுக்கு செக்ஷன் ஆபீஸில் விசாரித்தேன். இரண்டு சான்றுகள் போதும் என்றார்கள். குழாய் எரிவாயுவுக்குக் கேட்டபோது பெயரையும் கைபேசி எண்ணையும் மட்டும் குறித்துக்கொண்டு, லைன் வரும்போது சொல்கிறோம் என்றார்கள். இரண்டும் வீட்டுக்கு வரும் இணைப்புதானே, ஏன் இந்த வேறுபாடு? எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டு இடத்திலும் விண்ணப்பம் என்றே சொல்கிறார்கள். ஆனால் மின்சாரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விண்ணப்பம் சட்டம் தந்திருக்கும் ஓர் உரிமையைக் கோருவது. எரிவாயுவுக்குக் கொடுத்திருப்பதோ, ஒரு நிறுவனம் தன் திட்டப்படி குழாய் பதித்துக்கொண்டு வரும்போது உங்கள் வீட்டையும் நினைவில் வைக்கும்படி இடம் பிடித்து வைப்பது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதை அவசரமாகச் செய்யவேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஒரு கட்டடத்தின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ கேட்டால் ஒரு மாதத்துக்குள் மின்சாரம் வழங்குவதை விநியோக நிறுவனத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அதிலேயே வழியுண்டு. 2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் இந்தக் காலத்தைக் குறைத்தன, 2024ஆம் ஆண்டின் திருத்தம் மேலும் குறைத்தது: பெருநகரங்களில் 3 நாள், நகராட்சிகளில் 7 நாள், கிராமப்புறத்தில் 15 நாள், மலைப்பாங்கான கிராமப்புறத்தில் 30 நாள். சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சிக்குள் இருந்தால் 7 நாள் என்றால், ஊராட்சியில் இருக்கும் உங்களுக்கு 15 நாள். புதிய கம்பங்கள் நட்டு லைனை நீட்டவோ மின்மாற்றி வைக்கவோ வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று இங்கே உண்டு. அந்த 15 நாள் நீங்கள் முதன்முதலாக அலுவலகப் படியேறிய நாளிலிருந்து ஓடுவதில்லை. எல்லாச் சான்றுகளும் கட்டணமும் சேர்ந்து விண்ணப்பம் முழுமையான நாளிலிருந்தே ஓடுகிறது. குறையுள்ள விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் அலைந்தவர், சட்டத்தின் கண்ணில் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. ஆகவே, விண்ணப்பத்தையும் பணத்தையும் ஏற்றதற்கான, தேதியிட்ட ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையவழியில் விண்ணப்பித்தால் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அங்கும் தீராமல் மின் குறைதீர்ப்பாளரிடமும் போகவேண்டி வந்தால், உங்கள் கையிலுள்ள வலுவான சான்று அந்தத் தேதிதான்.

எரிவாயுவின் கதை வேறு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் குழாய் வலை அமைக்கும் உரிமையை ஏலச் சுற்றுகள் மூலம் ஒரு நிறுவனத்துக்கு வழங்குகிறது. பாலக்காடும் திருச்சூரும் சேர்ந்த பகுதி 2018ஆம் ஆண்டின் ஒன்பதாவது சுற்றில் வழங்கப்பட்டது. உரிமை பெற்ற நிறுவனம் எட்டு ஆண்டுகளில் இத்தனை வீட்டு இணைப்புகள், இவ்வளவு குழாய் நீளம் என்று உறுதி அளிக்கிறது. ஆனால் அந்த இலக்கு பகுதி முழுமைக்குமானது; எந்த ஊராட்சி, எந்தத் தெரு என்று அது சொல்வதில்லை. வீடுகள் நெருங்கி நிற்கும் நகரத் தெருவில் நூறு மீட்டர் குழாய்க்குப் பல இணைப்புகள் கிடைக்கும். தென்னந்தோப்புகளுக்கு நடுவே வீடுகள் தள்ளித்தள்ளி நிற்கும் நம் கிழக்குப் பக்கத்தில் அதே நூறு மீட்டருக்கு ஒன்றோ இரண்டோதான். சாலையைத் தோண்ட ஊராட்சியிடமும் பொதுப்பணித் துறையிடமும் அனுமதி வாங்கவேண்டும், மழைக்காலத்தில் வேலை நிற்கும். இவையெல்லாம் சேர்ந்துதான் "லைன் வரும்போது சொல்கிறோம்" என்ற பதிலாகிறது.

கொச்சி புதுவைப்பிலிருந்து கூற்றநாடு வந்து, வாளையார் வழியாகக் கிழக்கே செல்லும் பெருங்குழாய் நம் மாவட்டத்தின் ஊடேதானே போகிறது என்று நீங்கள் கேட்கலாம். மூலத்தறைக் கால்வாய் ஊர் வழியே ஓடினாலும், கிளைவாய்க்கால் வெட்டாத வயலில் தண்ணீர் ஏறுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். உயர் அழுத்த எஃகுக் குழாயிலிருந்து எரிவாயுவை எடுத்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, தெருவில் பதிக்கும் பாலிஎத்திலீன் குழாய்க்குக் கொண்டுவந்த பிறகே வீட்டுக்குப் பிரிக்க முடியும். எனவே எரிவாயு நிறுவனத்திடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, என் தெருவில் குழாய் பதிந்து அதில் எரிவாயு ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதே. ஆம் என்று பதில் வரும்வரை பெயர்ப்பதிவோடு நில்லுங்கள். நிறுவனத்தின் பெயரில் ரசீது தராத எவரிடமும் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம்.

உள்வேலையிலும் இரண்டும் நேரெதிர். மின்சாரத்தில், மீட்டருக்குப் பிறகுள்ள வயரிங் முழுவதும் உங்கள் பொறுப்பு; அதை முடித்து, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் சோதித்துக் கையெழுத்திட்ட பணிநிறைவுச் சான்று இருந்தால்தான் மின்சாரம் ஏறும். எல்லைப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது: பொள்ளாச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வேலைக்கு ஆள் அழைத்தால், கையெழுத்திடுபவருக்குக் கேரள உரிமம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். எர்த் கம்பியையும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் இ.எல்.சி.பி.யையும் சிக்கனத்துக்காக விட்டுவிடாதீர்கள். ஈரத் தரையில் மாவாட்டும் சமையற்கூடத்தில் உயிரைக் காப்பவை அவை. எரிவாயுவில் மாறாக, மீட்டரைத் தாண்டி அடுப்பருகே உள்ள வால்வு வரையிலும் குழாயைப் பதிப்பது நிறுவனமே. நீங்களோ உங்கள் பிளம்பரோ முன்கூட்டியே குழாய் போட்டு வைப்பது வீண் செலவு மட்டுமன்று, ஆபத்தும்கூட.

பணத்திலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. மின்சாரத்தில் லைன் இழுக்கும் செலவு திரும்பாது; காப்புத்தொகை மட்டுமே உங்கள் கணக்கில் நிற்கும். எரிவாயுவில் பெரும்பகுதி திரும்பப் பெறத்தக்க வைப்புத்தொகை; அதில் அடங்கிய அளவுக்கு மேல் குழாய் நீண்டால் மீட்டர் கணக்கில் தனியாகக் கட்டவேண்டும்.

சான்றுகளுக்கு வருவோம். அந்த இரண்டு என்பவை, ஆள் யார் என்பதற்கு ஒன்று, அந்த இடம் அவர் கைவசத்தில் உள்ளது என்பதற்கு ஒன்று. பின்னதற்கு ஊராட்சி தரும் ஓனர்ஷிப் சர்டிபிகேட் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. மனை அம்மாவின் பெயரில் இருப்பதால், வீட்டு இணைப்புக்கு அவர் பெயரிலேயே விண்ணப்பிப்பது நேரான வழி. கடைக்கு உங்கள் பெயர் வேண்டுமென்றால் அம்மாவின் சம்மதக் கடிதத்தைச் சேருங்கள். நம் குடும்பங்களில் அடிக்கடி வரும் சிக்கல் பெயரின் தலைப்பெழுத்து: ஆதாரில் முன்னெழுத்தோடும், வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) கட்டிய ரசீதில் தந்தை பெயரோடோ வீட்டுப் பெயரோடோ, அதுவும் மலையாள எழுத்தில் வேறு உச்சரிப்போடும் ஒரே ஆள் இருவராகத் தெரிவார். எரிவாயு நிறுவனமும் பின்னால் இதே தாள்களைத்தான் கேட்கும் என்பதால், இரண்டிலும் பெயர் ஒத்துப்போகும்படி இப்போதே சரிசெய்வது நல்லது.

வீட்டுக்கும் கடைக்கும் தனித்தனி மின்னிணைப்பு வாங்குங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு ஒரு வயர் இழுப்பது பலரும் செய்வது. ஆனால் 126ஆம் பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு, உரிய விகிதத்தைப் போல இரு மடங்கு கணக்கிடுவார்கள், தொடங்கிய நாள் தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதம் பின்னோக்கிப் போவார்கள். சிறு கடையின் ஓராண்டு உழைப்பை அது விழுங்கிவிடும். விண்ணப்பத்தில் சுமையையும் உண்மையாகக் காட்டுங்கள். இரண்டு குதிரைத்திறன் கிரைண்டர் ஏறத்தாழ 1.5 கிலோவாட், ஒரு மின்சார அடுப்பு 2 கிலோவாட், குளிர்சாதனப் பெட்டி, மிக்ஸி, விளக்கு, விசிறி என்று கூட்டினால் 5 கிலோவாட்டை நெருங்கும். கேரளத்தில் அதுவரை ஒரு ஃபேஸ், அதைத் தாண்டினால் மூன்று ஃபேஸ். அடுத்த ஆண்டு கிரைண்டர் ஒன்று கூடும் என்றால் இப்போதே மூன்று ஃபேஸுக்கு வயரிங் செய்துவிடுவது, சுவரை மறுபடி உடைப்பதைவிடச் சிக்கனம்.

எரிவாயுவில் வீட்டுக்கு இத்தகைய கணக்கு தேவையில்லை. கடைக்குத் தேவை, அதற்கு வணிக ஒப்பந்தமும் தனி. வெப்ப அளவில் ஒரு கிலோ சிலிண்டர் எரிவாயு, குழாய் எரிவாயுவில் ஏறக்குறைய ஒன்றேகால் கனமீட்டருக்குச் சமம். மாதம் ஆறு 19 கிலோ சிலிண்டர் தேவைப்படும் என்று மதிப்பிட்டால் 114 கிலோ, அதாவது சுமார் 140 கனமீட்டர். குழாய் எப்போது வரும் என்று உறுதியில்லாத நிலையில், கடையை வணிகச் சிலிண்டரை நம்பியே தொடங்குங்கள்.

கட்டும் வீட்டில் இப்போது செய்யவேண்டியது கொஞ்சமே. சமையற்கூடத்தின் வெளிச்சுவரில் எரிவாயு மீட்டருக்கு, மின்மீட்டரிலிருந்தும் சுவிட்சுகளிலிருந்தும் போதிய இடைவெளி விட்டுக் காற்றோட்டமான ஓரிடம் ஒதுக்குங்கள். குழாய் வெளித்தெரியச் செல்லவேண்டும் என்பதால், சுவரில் ஊடே போக ஒரு துளைக்கு இடம் வைத்தால் போதும். இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே ஏறும். சிலிண்டர் எரிவாயு கனமானது, தரையில் தேங்கும். இரண்டையும் எண்ணி மேலும் கீழும் காற்றுவழி வையுங்கள்.

பிறகு குழாய் வரும் நாளில், அடுப்பில் எரிவாயு வெளிவரும் சிறுதுளை முனையான ஜெட்டை மாற்றவேண்டும். சிலிண்டர் அடுப்பு 30 மில்லிபார் அழுத்தத்துக்கும் குழாய் அடுப்பு 21 மில்லிபாருக்கும் அமைந்தவை, துளையின் அளவும் வேறு. நிறுவனத்தின் பணியாளரே மாற்றிச் சுடரைச் சரிபார்த்துத் தரட்டும். பழைய வீட்டுச் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைக்கும்போது, இணைப்பு வாங்கிய நாளில் தந்த எஸ்.வி. தாளைக் காட்டினால் அதில் எழுதியிருக்கும் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். வீடு மாறும் சந்தடியில் முதலில் தொலைவது அந்தத் தாள்தான், அதை அம்மாவின் நிலப்பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.