திண்ணையில் எழுதிய அடங்கல்

அன்புள்ள ஐயா,

பூதான இயக்கம் பற்றி நண்பர்களோடு பேச்சு வந்தது. வினோபா நாடெல்லாம் நடந்து நிலத்தைத் தானமாகக் கேட்டுப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. சட்டம் போட்டு நிலத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள், பினாமியில் போயிற்று. பணக்காரர்கள் மீது சொத்துவரி போடுவதுதான் வழி என்கிறான் ஒருவன். வளர்ச்சி வந்தால் ஏழ்மை தானாகக் குறையும் என்கிறான் இன்னொருவன். நீங்கள் எந்தப் பக்கம்? ஊரில் எங்கள் வயலை ஒருவர் பல வருடமாகக் குத்தகைக்குச் செய்கிறார். "இவங்களுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தாலும் வித்துக் குடிச்சிருவாங்க" என்பார் அப்பா. அதிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

க., ஓசூர்

தம்பி,

கேள்வி கேட்டுவிட்டுப் போகிற போக்கில் கடைசியாக இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். சில வாரங்களாக வங்காளத்துக் குத்தகைப் பதிவு பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. வளர்ச்சி வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நண்பரிடம் நான் பேச ஒன்றுமில்லை. பொறுமையாகக் காத்திருங்கள் என்று பசித்தவனிடம் சொல்ல அவருக்கு மனம் வருகிறது, எனக்கு வரவில்லை.

அப்பா சொன்னால் சொல்லட்டும், அவர் வளர்ந்த காலம் அப்படி. படித்த நீங்கள் எப்படி அதற்குத் தலையாட்டுகிறீர்கள்? டெல்டாவில் பெரிய பண்ணைகள் கரைந்த கதையை விசாரித்துப் பாருங்கள். சீட்டாட்டத்திலும் கோர்ட் வழக்கிலும் போன வேலிக்கணக்கான நிலங்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. குடித்துத் தொலைத்துவிடுவான் என்ற சந்தேகம் கூலிக்காரன் மீது மட்டும் ஏன் விழுகிறது? ஏழை நிலத்தை விற்றால், ஆஸ்பத்திரிச் செலவா, பெண் கல்யாணமா, தண்ணீர் வராமல் கருகிய குறுவையா என்று கேட்க வேண்டாமா?

நாகைப் பக்கம் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து செத்தார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் வந்து தங்கியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். அவரும் கணவர் ஜெகந்நாதனும் பூதானத்தில் ஊறியவர்கள். 1981இல் உழுகிறவனுக்கு நிலம் வாங்கித் தரும் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடம் விலை பேசி, கடன் வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பெயரில். அந்தப் பெண்களைப் பார்த்து உங்கள் அப்பாவின் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்.

பூதானத்தை ஒரே வரியில் தோல்வி என்று தள்ளியதும் சரியில்லை. 1951 ஏப்ரல் 18, தெலங்கானாவில் போச்சம்பள்ளி. ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த பூமி. வினோபாவிடம் தலித் மக்கள் 80 ஏக்கர் கேட்டார்கள், நிலக்காரர் ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருகிறேன் என்று எழுந்தார். அங்கிருந்து தொடங்கி 40 லட்சம் ஏக்கருக்கு மேல் வாக்குறுதி கிடைத்தது. இலக்கு ஐந்து கோடி. கிடைத்ததிலும் பாறையும் வழக்கில் கிடந்த நிலமும் ஏராளம். கேட்டவரின் மனமும் கொடுத்தவர்களில் பலரின் மனமும் சுத்தம்தான். கூட்டத்தில் எழுந்து சொன்ன சொல் பத்திரமாகி, பட்டாவாகி, கிராமக் கணக்கில் ஏறும் வரை கூட நிற்கத்தான் ஆளில்லாமல் போயிற்று.

என் தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிராமக் கணக்கு எழுதும் கர்ணமாக இருந்தவர். என்னை மடியில் வைத்துக்கொண்டு கூட்டல் சொல்லிக் கொடுத்த மனிதர், யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. மேலதிகாரி வந்தால் மிராசுதார் வீட்டில்தான் சாப்பாடு, எந்த வயலில் யார் சாகுபடி என்று எழுதும் அடங்கல் ஏடு அந்த வீட்டுத் திண்ணையில்தான் விரியும். மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் இருப்பேன். உழுதவர்கள் வாசலுக்கு வெளியே, வைக்கோல்போர் ஓரமாக நிற்பார்கள். "இந்த நம்பர் யாரு சாகுபடி?" என்று கேள்வி வரும். மிராசுதாரே பதில் சொல்வார்: "சொந்தச் சாகுபடி." காலில் சேறு காயாத ஆள் அங்கேதான் நிற்கிறான், வாய் திறக்க மாட்டான். தாத்தா எழுதிவிடுவார்.

அந்த ஆளை வாய் திறக்க வைக்க என்ன செய்திருக்க வேண்டும்? இதற்கான பதில் 1978இல் மேற்கு வங்காளத்தில் தெரிந்தது. 'ஆபரேஷன் பர்கா' என்று பெயர். விளைச்சலில் பங்கு கொடுத்து உழும் வாரக்குத்தகைக்காரனைக் காக்கும் சட்டம் அங்கே அதற்கு முன்பே இருந்தது. இடுபொருள் அவனுடையது என்றால் விளைச்சலில் 75 சதவீதம் அவனுக்கு. எல்லாம் ஏட்டில்தான். அதிகாரி நிலக்காரர் வீட்டில் உட்கார்ந்து விசாரித்தால் எவன் வந்து சாட்சி சொல்வான்? நிர்வாகம் அந்த உட்காரும் இடத்தை மாற்றியது. வேலை முடிந்த சாயங்காலத்தில், குத்தகைக்காரர்கள் குடியிருக்கும் பக்கமே முகாம். தனியாக நின்றால் பயப்படுகிறவன் நாற்பது பேரோடு நின்று பெயர் சொன்னான். வயலில் போய்ச் சரிபார்த்தார்கள். குத்தகைக்காரன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை 1977 திருத்தம் நிலக்காரர் தலையில் ஏற்கெனவே வைத்திருந்தது. பதினான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பெயர் ஏறியது. யாருக்கும் நிலம் சொந்தமாகிவிடவில்லை. ஆனால் நினைத்தபோது இறக்கிவிட முடியாது, அவன் பிள்ளையும் அங்கேயே உழலாம்.

தமிழ்நாட்டிலும் குத்தகையைப் பதிய 1969இல் சட்டம் வந்தது. இன்றும் எத்தனையோ வயல்களில் வாய்மொழிக் குத்தகைதான். பயிர்க்கடனுக்குப் போனால் அடங்கல் கேட்பார்கள், புயல் நிவாரணத்துக்கும் அடங்கல்தான். பயிர் அவனுடையது, நட்டம் அவனுடையது, பெயர் மட்டும் வேறொருவருடையது. உங்கள் வயலைச் செய்கிறவர் எதை விற்றுக் குடிப்பார், தம்பி? அவர் பெயரில் என்ன இருக்கிறது?

சொத்துவரி கேட்டீர்கள். வேண்டும் என்பதுதான் என் பதில். இறந்தவர் சொத்துக்கு 1953இல் வந்த வரியை 1985இல் எடுத்தார்கள். 1957இல் வந்த செல்வவரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். வசூல் குறைவு, செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். வசூல் குறைந்தாலும், யாரிடம் என்ன இருக்கிறது என்று வருடம்தோறும் எழுதி வாங்கும் வழக்கமாவது இருந்தது. அந்த ஏட்டையும் மூடிவிட்டுச் சமத்துவம் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. விகிதம் எவ்வளவு என்று உங்கள் நண்பரும் நானும் சண்டை போட்டுக்கொள்ளலாம், அவரை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.