நீந்தும் மகளுக்கு மாதாமாதம் சளி: பயிற்சியை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 13 வயது. நாலு வருடமாக நீந்துகிறாள். ஆறு மாதத்துக்கு முன் கோச் அவளைப் பெரிய பிள்ளைகள் குழுவில் சேர்த்தார். அதுவரை வாரத்துக்கு 4 வேளையாக இருந்த பயிற்சி ஒரே மாதத்தில் 9 வேளை ஆகிவிட்டது. ஆறு நாள் காலையிலும், அதில் மூன்று நாள் மாலையிலும் நீந்துகிறாள். காலை 4.30 மணிக்கு எழுந்துவிடுவாள். அன்றிலிருந்து மூக்கு ஒழுகாத வாரமே இல்லை. நடுவில் இரண்டு முறை காய்ச்சலும் வந்தது. "இப்படி நீந்தினால் உடம்பில் எதிர்ப்பு சக்தியே மிஞ்சாது, நிறுத்திவிடு" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவளோ நிறுத்த மாட்டேன் என்று அழுகிறாள். வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா? ரத்தப் பரிசோதனை தேவையா?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு எண்கள் என் கண்ணை உறுத்தின. 4 வேளை 9 ஆனது ஒன்று, காலை 4.30 இன்னொன்று. இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. நீச்சலைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

பெரியவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அளவாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருப்பவர்களைவிடச் சளி குறைவாகத்தான் வருகிறது. பயிற்சி மிகக் கடுமையாகும்போது அது மறுபடி கூடுகிறது. 1987-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தான் முடிந்ததும் டேவிட் நீமன் என்ற ஆய்வாளரின் குழு கணக்கெடுத்தது. ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த ஒரு வாரத்துக்குள் சளித் தொல்லை வந்ததாகச் சொன்னார்கள். பெயர் கொடுத்துவிட்டு வேறு காரணத்தால் ஓடாமல் விட்டவர்களில் அது 2.2 சதவீதம்தான். ஆனால் அவர்கள் பெரியவர்கள், ஓடியது 42 கிலோமீட்டர். அந்தக் கணக்கை அப்படியே ஒரு 13 வயதுப் பெண்ணின் தினசரிப் பயிற்சிக்குப் பொருத்திவிடக் கூடாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். கடினமாக நீந்தும்போது அட்ரினலின் சுரந்து, வெள்ளை அணுக்கள் கூட்டமாக ரத்தத்துக்குள் இறங்குகின்றன. பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவற்றில் ஒரு வகையான லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை, பயிற்சிக்கு முன் இருந்ததைவிடக் கீழே போகிறது. பெரும்பாலும் மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்தச் சரிவைப் பார்த்துத்தான் "அந்த நேரத்தில் கிருமிக்குக் கதவு திறந்திருக்கிறது" என்று பல வருடம் நம்பிவந்தோம். அந்த அணுக்கள் சாகவில்லை, நுரையீரலுக்கும் குடலுக்கும் காவலுக்குப் போயிருக்கின்றன என்ற விளக்கம் இப்போது வலுத்திருக்கிறது. பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்பெல், டர்னர் இருவரும் 2018-ல் இதை விரிவாக வாதிட்டு எழுதினார்கள். இதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. நான் அவர்கள் பக்கம்தான். ஒரே ஒரு நாள் கடுமையாக நீந்தியதால் எந்தக் குழந்தையின் எதிர்ப்பு சக்தியும் சரிந்துவிடாது.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் சேரும் களைப்பு வேறு விஷயம். நம் எச்சிலிலும் மூக்குச் சளியிலும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் இருக்கிறது. கிருமி உள்ளே ஒட்டுவதற்கு முன்பே அதைப் பிடித்து வைக்கிற முதல் காவல் அது. மரீ கிளீசன், டேவிட் பைன் முதலிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990-களில் அந்நாட்டின் முன்னணி நீச்சல் வீரர்களை ஏழு மாதப் பயிற்சிக் காலம் முழுக்கத் தொடர்ந்து, எச்சிலில் ஐஜிஏவை அளந்தார்கள். மாதம் போகப் போக அது படிப்படியாகக் குறைந்தது. குறைவாக இருந்தவர்களுக்குத் தொற்றும் அதிகம் வந்தது. அவர்கள் பயிற்சி உங்கள் மகளுடையதைவிடப் பல மடங்கு. ஆனாலும் பாடம் பொருந்தும்: ஈடுகட்டப்படாத களைப்பு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போதுதான் காவல் தளர்கிறது. பயிற்சி திடீரென்று எகிறும் காலத்தில் நோய் வரும் ஆபத்து கூடுகிறது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழுவும் 2016-ல் எச்சரித்தது. 4 வேளை 9 ஆனது எனக்கு உறுத்தியது இதனால்தான்.

சரி, இப்போது வேறொரு கேள்வி. அவளுக்கு வருவதெல்லாம் சளிதானா?

என்னிடம் நீச்சல் பழகும் ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். உங்கள் மகளைப் போலவே, மூக்கு ஒழுகாத வாரம் இல்லை. மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. அவன் அம்மாவிடம், மூன்று வாரம் தினமும் எழுதி வைக்கச் சொன்னேன். பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். "திங்கள், 7 மணி, தும்மல், தண்ணீர் மாதிரி மூக்கு. 4 மணிக்கு சரியாயிடுச்சு. செவ்வாய், அதே. ஞாயிறு, ஒண்ணும் இல்லை." அடுத்த வாரமும் அப்படியே. காய்ச்சல் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. வைரஸ் சளி, பயிற்சி இல்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து விலகாது. அந்தப் பையனுக்கு இருந்தது, குளத்துக் காற்று மூக்கை எரித்ததால் வந்த அழற்சி.

நீச்சல் குளத்தில் நாம் "குளோரின் வாடை" என்று சொல்வது பெரும்பாலும் குளோரின் வாடையே இல்லை. வியர்வை, சிறுநீர் இவற்றோடு குளோரின் சேரும்போது உண்டாகும் குளோரமைன்களின் வாடை அது. இந்த ஆவி தண்ணீருக்குச் சற்று மேலேதான் தங்கும், நீந்துகிறவர் மூச்சை இழுப்பதும் சரியாக அங்கேதான். கூரை போட்ட, காற்றோட்டம் குறைந்த குளத்தில் இன்னும் மோசம். மூக்கு ஒழுகல், தும்மல், கண் எரிச்சல், சிலருக்கு இருமல் எல்லாம் இதிலிருந்து வரும். உயர்மட்ட நீச்சல் வீரர்களிடம் ஆஸ்துமா மற்ற பல விளையாட்டுக்காரர்களைவிட அதிகமாகக் காணப்படுவதற்கும் இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. குளத்தில் இறங்குமுன் எல்லோரும் சோப்புப் போட்டுக் குளித்தாலே இந்த ஆவி நன்றாகக் குறையும். பயிற்சி முடிந்ததும் உப்புநீர் ஸ்பிரேயால் மூக்கைக் கழுவுவது பலருக்கு உதவுகிறது. இரவில் இருமல், நீந்தும்போது மார்பு இறுக்கம், வீசிங் இருந்தால் ஆஸ்துமாவுக்கான மூச்சுப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள்.

உங்கள் மகளுக்கு இரண்டும் கலந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த இரண்டு காய்ச்சல் உண்மையான தொற்று. மீதி நாட்களில் பாதி குளத்துக் காற்றாக இருக்கலாம். ஆகவே நீங்களும் நாலு வாரம் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், பயிற்சி எத்தனை வேளை, மூக்கு எப்போது ஒழுகியது, எப்போது நின்றது, காய்ச்சல் உண்டா. சளியின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பச்சையாக வந்தாலே ஆன்டிபயாடிக் தேவை என்பது தவறான எண்ணம்.

இனி தூக்கம். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. 4.30-க்கு எழுபவள் 8 மணி நேரம் தூங்க வேண்டுமானால், இரவு 8.30-க்குக் கண் அயர்ந்திருக்க வேண்டும். மாலைப் பயிற்சி, வீட்டுப்பாடம், சாப்பாடு எல்லாம் முடித்து அது நடக்கிற காரியமா? போதாக்குறைக்கு இந்த வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகும். 9 மணிக்குப் படுக்கையில் தள்ளினாலும் தூக்கம் வராது, அது அவள் பிடிவாதம் இல்லை. அமெரிக்காவில் 164 பெரியவர்களின் தூக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, சளி வைரஸைச் சொட்டு மருந்தாக மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல். எந்த மாத்திரையும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது.

மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். இஸ்ரேலில் உங்கள் மகள் வயதுப் போட்டி நீச்சல் பிள்ளைகள் 39 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. குளிர்காலத்தில் மூன்று மாதம், பாதிப் பேருக்கு தினம் 1 கிராம் வைட்டமின் சி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. சளி வரும் எண்ணிக்கை இரண்டு பக்கமும் குறிப்பிடும்படி மாறவில்லை. வைட்டமின் சி எடுத்த பையன்களுக்கு மட்டும் சளி சீக்கிரம் விட்டது, பெண்களுக்கு அந்தப் பலனும் தெரியவில்லை. ஆகவே அந்தக் காசைச் சாப்பாட்டில் போடுங்கள். வெறும் வயிற்றில் ஒன்றரை மணி நேரம் நீந்தினால் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இன்னும் அதிகமாக ஏறும். இறங்குமுன் ஒரு வாழைப்பழம், முடிந்த அரை மணிக்குள் மாவுச்சத்தும் புரதமும் உள்ள சாப்பாடு, இது போதும். அவள் வளர்கிற வயதில் இருக்கிறாள். நீச்சலுக்கும் வளர்ச்சிக்கும் சேர்த்துச் சாப்பாடு பற்றாவிட்டால் உடம்பு முதலில் சிக்கனம் செய்வது எதிர்ப்பு சக்தியிலும் மாதவிடாயிலும்தான். வந்துகொண்டிருந்த மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் நின்றுபோனால் "நீந்துகிற பெண்களுக்கு இது சகஜம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தப் பரிசோதனை ஒரு முறை செய்துவிடலாம். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, இந்த மூன்று போதும். பயிற்சியிலிருந்து நேராக லேபுக்குப் போகாதீர்கள். நான் மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தால் வெள்ளை அணுக்கள் தாறுமாறாகத் தெரியும், நீங்கள் வீணாகப் பயந்துபோவீர்கள். ஓய்வு நாளுக்கு மறுநாள் காலை நல்ல நேரம்.

காய்ச்சல் இருக்கும்போது மட்டும் எந்தப் போட்டியானாலும் தண்ணீரில் இறக்காதீர்கள். வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக உழைத்தால் அரிதாக இதயத் தசையே வீங்கிவிடும். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சு இருமல், வாந்தி பேதி இருந்தால் முழு ஓய்வு. கழுத்துக்கு மேலே வெறும் மூக்கு ஒழுகல் மட்டும் என்றால் லேசாக நீந்தலாம். தொண்டை வலியோடு கழுத்தில் நெறி கட்டி, இரண்டு வாரமாகியும் களைப்பு விடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். நிமோனியா, திரும்பத் திரும்பக் காதில் சீழ், எடை குறைதல் இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாகக் கோச்சிடம் பேச வேண்டும், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "சளி வருகிறது, குறையுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்காது. நாலு வார நோட்டை அவர் முன் விரித்து வையுங்கள். ஆறு வாரத்துக்கு 9 வேளையை 6 ஆக்கச் சொல்லுங்கள். மாலையில் நீந்திய நாளுக்கு மறுநாள் காலைப் பயிற்சி வேண்டாம், அன்று அவள் 6.30 வரை தூங்கட்டும். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு வேளையாகக் கூட்டலாம். குழந்தைகளோடு வேலை செய்யும் கோச்சுகள் பலர் இதற்குச் சம்மதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்தும் அதே கதைதான் என்றால் அந்த நோட்டோடு ஒரு விளையாட்டு மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ நேரில் போங்கள்.