கண்டி எழுத்தாணியைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்

வணக்கம் சகோதரி. பாட்டனாரின் பெட்டியில் கிடைத்த கண்டி எழுத்தாணியின் வெள்ளிப் பிடி கறுத்து, முனை துருவேறியிருக்கிறது, புளி போட்டுத் துலக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். புளி இரும்பு முனையை அரித்துவிடும். தேய்க்கத் தேய்க்க, வெள்ளியில் செதுக்கிய கொடிவேலையின் விளிம்பு மழுங்கும், அது திரும்ப வராது. கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டி, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாமல் வையுங்கள்.

அரசர் கொடுத்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். கண்டி மன்னர்கள் பிக்குகளுக்கும் அதிகாரிகளுக்கும் இத்தகைய எழுத்தாணிகளைப் பரிசளித்தது உண்மை; சிங்களத்தில் பன்ஹிந்த என்பார்கள். ஆனால் வேலைப்பாடு மட்டும் சாட்சியாகாது. சன்னஸ் எனப்படும் அரச மானியப் பட்டயம், பழைய கடிதம், ஓலை ஏதாவது அதே பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். எதையும் வீசிவிடாதீர்கள், கிழிந்த துண்டைக்கூட. பிடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: விரல் படும் ஓரிடம் மட்டும் வழுவழுப்பாக இருந்தால், அது எழுதிப் பழகிய ஆணியாக இருக்கலாம். எனக்கு அதுதான் பெரிய பெருமையாகப் படுகிறது.

லண்டன் வியாபாரிக்கு அனுப்பும் யோசனை இருந்தால், முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். அனுமதி இல்லாமல் இதை இலங்கைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.